பாக்கிடமிருந்து எடுத்தது எவ்வளவு?

ஆசிரியருக்கு,

புரோகால் ஹாரம் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 1967ஆம் ஆண்டுப் பாடலான 'எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்' பற்றிய கட்டுரையில், அதன் ஆர்கன் இசை ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் 'ஏர்' என்ற படைப்பின் நகல் என்று எழுதியிருந்தீர்கள். நகல் என்பது பெரிய வார்த்தை. தேவாலயத்தில் பல வருடம் ஆர்கன் வாசித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டிலும் தொடக்கத்தில் ஒரு சுரம் நீண்டு நிற்கிறது, கீழே பேஸ் எனும் தாழ்ந்த சுரங்கள் ஒவ்வொரு படியாக இறங்குகின்றன. ஒற்றுமை அவ்வளவுதான். சில நொடிகளில் மெட்டு தன் வழியில் போய்விடுகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துப் பார்த்தால் விரல்களுக்கே தெரியும்.

பேஸ் இறங்கும் அந்த நடை, 1966இல் வெளியான, அமெரிக்க சோல் பாடகர் பெர்சி ஸ்லெட்ஜின் 'வென் எ மேன் லவ்ஸ் எ உமன்' பாடலிலும் உண்டு. அதிலும் ஆர்கன்தான்! கட்டுரையில் ஸ்லெட்ஜின் பெயரே இல்லை. பாக் என்றால் கௌரவம், சோல் பாடகர் என்றால் மறதி போலும்.

புரோகால் ஹாரம் பாடலில் ஆர்கன் வாசித்த மேத்யூ ஃபிஷருக்கு அதன் இசை உரிமையில் 40 சதவீதப் பங்கு உண்டு என்று 2009இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரிட்டன் பிரபுக்கள் சபை உறுதிசெய்ததையும் குறிப்பிட்டிருக்கலாம்.

ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை