செபஸ்தியம்மாளை என்னிடமே விடுங்கள்

தனுஷ்கோடிக் கதையில் என்னோடு ரோல்பிளே (ஆளுக்கொரு பாத்திரமாக மாறி மாறிக் கதையை நகர்த்துவது) எழுதும் ஐந்து பேருக்கும்,

வணக்கம். தனித்தனியாக முணுமுணுப்பதைவிட எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த அடி. சுங்க அதிகாரியை எழுதுபவர் போன வாரம் இப்படிப் போட்டிருந்தார்: "அவர் ஓங்கி அறைந்தார். செபஸ்தியம்மாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, தெரியாமல் செய்துவிட்டேன் ஐயா என்று அழுதாள்." செபஸ்தியம்மாள் என் பாத்திரம். ஸ்டேஷன் வாசலில் இட்லிக்கடை போட்டு, பதினெட்டு வருஷமாகக் குடிகாரர்களைச் சமாளித்தவள். அவள் அழுவாளா, ஓங்கிய கையைப் பிடித்து முறுக்குவாளா என்பதை நான்தான் எழுத வேண்டும். அடுத்தவர் பாத்திரத்தையும் தானே ஆட்டிவைப்பது, காட்மோடிங் என்று நாம் கேலி செய்வது இதைத்தானே? 1974இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளே விளையாட்டில் அடி விழுந்ததா இல்லையா என்று தீர்க்கப் பகடை இருந்தது, ஆட்டத்தை நடத்த ஒருவர் இருந்தார். நம்மிடம் இரண்டும் கிடையாது. அடுத்தவருக்கு விட்டுவைக்கும் இடம்தான் இருக்கிறது.

அதே வரியை இன்னொரு முறை படியுங்கள். அவர் 'அறைந்தார்', இவள் 'அழுதாள்'. பாத்திரங்கள் தங்களுக்குள் நீ, வாடி, போங்க என்று எப்படியும் பேசட்டும். விவரிக்கிற குரலுக்கு எதற்கு இந்த ஏற்றத்தாழ்வு? ஆர் போட்டால் எல்லோருக்கும் ஆர்.

அப்புறம் புயல். 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது நமக்குத் தெரியும். கதையிலோ இன்னும் 15ஆம் தேதிகூட ஆகவில்லை. தந்தி குமாஸ்தா அதற்குள் எதற்காகப் பெண்டாட்டி பிள்ளைகளை ராமநாதபுரத்துக்கு ஏற்றிவிடுகிறார்? அவர்கள் பிழைக்க வேண்டுமென்றால் பிழைக்கட்டும். மச்சினிக்குப் பிரசவம் என்று போகட்டும். தலைமன்னார்க் கப்பல் எப்போது கிளம்பும் என்பதுதான் குமாஸ்தாவுக்குத் தெரியும். நம் தலைக்குள் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? (அவர் பையில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருந்ததையும் பார்த்தேன். கூஜா ஆக்கிவிடுங்கள்.)

நீளத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. மூன்று வரி போதும், அதில் நான் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்க வேண்டும். "சிரித்தார்" என்று ஒற்றைச் சொல்லை அனுப்பினால் நான் எங்கே போவது? எழுத நேரமில்லாத வாரத்தில் அதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், காத்திருப்பேன்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த இரவு வரும்போது குழந்தைகள் மூழ்குவதை நான் எழுத மாட்டேன், படிக்கவும் முடியாது. அந்த இடம் வந்தால் விளக்கு அணைந்தது என்று எழுதிவிட்டு மறுநாள் காலைக்குப் போய்விடுவோம். காரணம் கேட்காதீர்கள்.

இப்போதைக்கு அந்தப் பதிவைத் திருத்தி, ஓங்கிய கையோடு நிறுத்துங்கள். செபஸ்தியம்மாள் கையில் கொதிக்கிற சாம்பார்க் கரண்டி இருக்கிறது. அடுத்த வரியை நான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
இட்லிக்கடைக்காரி