ஆண்டறிக்கை: கடி தாங்கும் கவசங்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

நம் சங்கம் காத்திருக்கும் ஜாம்பிகள், அதாவது செத்தும் எழுந்து வந்து கடிப்பவர்கள், இந்த ஆண்டும் வரவில்லை. ஆகவே சென்ற பொதுக்குழு ஒப்படைத்த வேலை தடங்கலின்றி நடந்தது. சென்னையில் ஒரு சராசரி வீட்டில் கிடப்பதையும் தெருமுனைக் கடையில் கிடைப்பதையும் வைத்து, மனிதப் பல் இறங்காத கவசம் செய்ய வேண்டும் என்பதே அந்த வேலை. "இதெல்லாம் எதுக்கு?" என்று வீட்டில் கேட்டால், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே 2011 மே மாதம் ஜாம்பியைச் சாக்காக வைத்துத்தான் பேரிடர் முன்னேற்பாட்டைச் சொல்லிக்கொடுத்தது என்று உறுப்பினர்கள் தைரியமாகச் சொல்லலாம்.

முதலில் சோதனைக் கருவி. கீல் போட்ட இரண்டு தேக்குக் கட்டைகள்தான் தாடை. கீலிலிருந்து 10 செ.மீ. தள்ளிப் பற்கள், 50 செ.மீ. தள்ளி எடை. எடைக்கு ஐந்து மடங்கு அழுத்தம் பல்லில் இறங்கும் என்பதால், 14 கிலோ தொங்கவிட்டால் 70 கிலோ. வளர்ந்தவர்களின் கடைவாய்ப்பல் கடி பெரும்பாலும் இதற்குள் அடங்கும். முன்பல் கடி இதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. பற்களுக்குப் பழைய அரத்தை 8 மி.மீ. அகலத்தில் நறுக்கி, முனையை மழுங்கத் தேய்த்துப் பதித்தோம். கூராக விட்டால் சோதனை பொய்யாகிவிடும். மனிதப் பல் நாய்ப்பல் போலக் குத்துவதில்லை, நசுக்கிக் கிழிக்கும். மேல்கட்டையின் சொந்த எடையையும் கணக்கில் கழிக்க வேண்டும். தொடக்கத்தில் எடுத்த அளவுகளை இந்தப் பிழையால் தள்ளிவிட்டோம்.

கைக்குப் பதிலாக வாழைத்தண்டு. நசுங்கிய இடத்தில் நீர் கசியும், சற்று நேரத்தில் பழுப்பேறும். உறை கிழியாமலேயே உள்ளே என்ன சேதம் என்று அது காட்டிக்கொடுத்துவிடும். வெல்டிங் கையுறையின் தோலைச் சுற்றிக் கடிக்க வைத்தபோது தோலில் கீறல்கூட இல்லை. பிரித்தால் தண்டில் இரண்டு வரிசைப் பழுப்புப் பள்ளம். வெட்டுத் தாங்கும் பின்னல் கையுறைகளும் அப்படியே. கத்தி வழுக்கும், பல் அழுத்தும்.

இதிலிருந்து வந்த முடிவு, தடிமனைவிடச் சுற்றளவு முக்கியம். மனித வாய் அகலத் திறந்தாலும் முன்பற்களுக்கு இடையே 4 முதல் 5 செ.மீ.தான். செத்தவன் வாய் இன்னும் பெரிதாகத் திறக்கும் என்று ஒரு தரப்பு வாதிட்டது. எலும்பும் மூட்டும் அதேதான் என்பதால் செயற்குழு அதை ஏற்கவில்லை. வாய்க்குள் அடங்காத, விறைப்பான, வழவழப்பான வளைவு இருந்தால் பல் பிடிமானம் கிடைக்காமல் சறுக்கும். கடைவாய்ப்பல்லுக்கு வேலையே வராது.

அதனால்தான் முன்கைக்கு 110 மி.மீ. பிவிசி பைப்பைப் பரிந்துரைக்கிறோம். பிளம்பர்கள் நாலு இன்ச் என்பது இதைத்தான். 22 செ.மீ. நீளம் அறுத்து, நெடுக்காக இரு பாதியாகப் பிளக்கவும். மணிக்கட்டுப் பக்கம் குறுக வேண்டும் என்பதால் ஒவ்வொரு பாதியிலும் விளிம்பை ஒட்டி ஒரு நீள முக்கோணத்தை வெட்டி எடுக்கவும். அண்டாவில் கொதிக்கும் நீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டால் அப்பளம் போலத் துவளும். பிவிசி இளக 80 டிகிரி போதும். கை அளவுக்குத் துணி சுற்றிய பாட்டிலின்மேல் வைத்து, சைக்கிள் டியூபால் இறுக்கி, ஆறும்வரை விடவும். சொந்தக் கையில் வைத்து வளைக்கக் கூடாது, கை வெந்துவிடும். அடுப்புத் தீயில் நேராகக் காட்டுவதும் கூடாது. கருகும் பிவிசி ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியைக் கக்கும். மூடிய சமையலறையில் அது கடியைவிட மோசம்.

வெளிப்பாதி உள்பாதியின்மேல் 2 செ.மீ. ஏறி நிற்க வேண்டும். முட்டுக்கு முட்டாக வைத்தால் அந்த இடுக்கில் பல் நுழையும், சதையும் மாட்டும். ஒரு பக்கம் கான்வாஸ் பட்டையை ரிவெட் அடித்துக் கீலாக்கவும். துளை விளிம்பிலிருந்து 12 மி.மீ. உள்ளே இருக்கட்டும், இல்லாவிட்டால் விரிசல் விடும். மறுபக்கம் பள்ளிப்பைப் பட்டையும் பக்கிளும், இரண்டு இடத்தில். வெல்க்ரோ வேண்டாம். சேறும் மண்ணும் ஏறியதும் பிடிப்பை விட்டுவிடுகிறது. பட்டையின் வாலைச் செருகி மறைக்க வேண்டும். தொங்குகிற எதுவும் எதிரிக்குக் கைப்பிடி.

உள்ளே 8 மி.மீ. மெத்தை. இங்கேதான் பழைய வேட்டிக்கு மரியாதை. 15ஆம் நூற்றாண்டில் பிரான்சின் பதினோராம் லூயி மன்னரின் படை ஆணை, துணிக்கவசம் 30 மடிப்பு, குறைந்தது 25 மடிப்பு இருக்க வேண்டும், மேலே மான்தோல் வேண்டும் என்கிறது. துணி உடுத்திப் பழசாகி மிருதுவானதே நல்லது என்றும் சொல்கிறது. புது மல் துணி வாங்கிச் செலவழிக்க வேண்டாம். 2 செ.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் தையல் போடாவிட்டால் மடிப்புகள் ஒரு பக்கம் சரிந்து பொம்மிவிடும்.

தேங்காய் நாரையும் சிலர் கேட்டார்கள். பசிபிக் கடலின் கிரிபாட்டித் தீவினர் முடைந்த தேங்காய்நார் உடையைச் சுறாப்பல் ஆயுதங்களுக்கு எதிராக அணிந்தார்கள் என்பது உண்மை. நாம் அறுத்துப் பார்த்த மெத்தை நார் அந்த முடைதல் இல்லாததால் உதிர்ந்துவிட்டது. முறுக்கிய கயிற்றை நெருக்கிக் கோத்துத் தைத்த மாதிரி இன்னும் முடியவில்லை.

தோலைப் பொறுத்தவரை ஒரே எச்சரிக்கை: பெரியமேட்டில் வாங்கும்போது பட்டைச் சாயத்தில் பதனிட்டதா என்று கேளுங்கள். ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றில் பதனிட்ட தோல்தான் வெந்நீரில் இறுகும். குரோமியத் தோல் எத்தனை முக்கினாலும் கெட்டியாகாது. 3 மி.மீ. தோலைப் பச்சைத் தண்ணீரில் குமிழ் வருவது நிற்கும்வரை ஊறவைத்து, 80 டிகிரி நீரில் அரை நிமிடம் முக்கி உடனே அச்சில் கட்டவும். சுருங்கும், பெரிதாகவே வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம் விட்டால் முறுக்கு மாதிரி ஒடியும்.

காலுக்குக் கிரிக்கெட் பேடு உண்டு, ஆனால் முன்பக்கம் மட்டும். தரையில் தவழ்ந்து வருகிறவன் கடிப்பது கெண்டைக்காலையும் குதிகால் தசைநாணையும். பின்பக்கத்துக்கு அரைப் பைப்பும் உயரமான தோல் பூட்ஸும் சேர்ந்தால்தான் முழுமை. தலைக்கு முழுமுக ஹெல்மெட். புதுப்பேட்டையில் பழசு வாங்கினால் உள்ளே நொறுங்கிய நுரை இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். கண்ணாடி ஆவியடிப்பதற்கு, சோப்பைத் தடவித் துடைப்பது சிறிது நேரம் பலன் தரும். ஹெல்மெட்டுக்கும் சட்டைக்கும் இடையில் தெரியும் கழுத்துதான் நம் செய்முறைகளில் பெரும்பாலானவை தோற்ற இடம். 10 மி.மீ. இவிஏ நுரைப்பாயை இரண்டடுக்காக ஒட்டி, ஹெல்மெட்டுக்குள் ஏறி நிற்கிற காலர் செய்தோம். ரப்பர் பசையை இரு பக்கமும் தடவிப் பத்து நிமிடம் பொறுக்காமல் ஒட்டினால் வியர்வையில் பிரிகிறது. குனிந்தால் குரல்வளையை அழுத்துகிறது என்ற புகார் இன்னும் தீரவில்லை.

விரல்களுக்கு நம்மிடம் விடை இல்லை. அவை வாய்க்குள் அடங்கும் அளவு. 1.6 மி.மீ. கம்பியில் 8 மி.மீ. வளையம் செய்து, ஒன்றில் நான்கு கோத்த சங்கிலிப் பின்னலும் கிழிசலைத்தான் தடுக்கும், நசுங்கலைத் தடுக்காது. கட்டுக்கம்பியில் செய்தால் வளையம் கையாலேயே விரியும். முழுச் சட்டை 10 கிலோவைத் தாண்டும். அதை விரும்புகிறவர்கள் அழகுக்காகச் செய்துகொள்ளலாம்.

எல்லாவற்றையும் சேர்த்து மாட்டினால் சித்திரை வெயிலில் ஜாம்பிக்கு முன்னால் வெப்பமே ஆளைச் சாய்த்துவிடும். ஈரப்பதத்தில் வியர்வை உலராது. ஆகவே 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஹெல்மெட்டையும் காலரையும் கழற்ற வேண்டும் என்பதைப் பட்டறை விதியாக்கியிருக்கிறோம். தலைசுற்றினாலோ வியர்ப்பது நின்றாலோ பட்டையை வெட்டிக் கழற்றவும், பொறுமையாக அவிழ்க்க வேண்டாம்.

நாய்க்கடிக்கு இது போதுமா என்று கேட்கிறார்கள். போதாது, கோரைப்பல் துணியையும் காலரையும் துளைக்கும். நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே தடுப்பூசிக்குப் போகவும்.

ஆயுதம் பற்றிய தீர்மானங்களைச் சங்கம் எடுத்துக்கொள்ளாது என்ற பழைய விதி தொடர்கிறது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். பசைச் செலவு ஏன் அவ்வளவு என்ற கேள்விக்கும் அவரே பதில் சொல்வார். வரும் ஆண்டுக்கு இரண்டு வேலைகள்: குரல்வளையை அழுத்தாத காலர், கயிற்றுக் கவசம். உறுப்பினர்கள் பழைய வேட்டியும் மீந்த பைப்புத் துண்டும் கொண்டுவரலாம்.

சோதனைக்குப் பின் மிஞ்சும் வாழைத்தண்டைக் கூட்டுக்கு எடுத்துப்போகிறவர்கள், பல் படாத பகுதியாகப் பார்த்து எடுக்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்