மார்ச் பள்ளி விடுமுறைக்கு முன் சிறுவர் விளையாட்டுத் திடலுக்கு நிழல் அமைத்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
விளையாட்டுத் திடலைச் சுற்றியுள்ள நான்கு புளோக்குகளின் குடும்பத்தினர்

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
எங்கள் குடியிருப்புப் பேட்டைக்குப் பொறுப்பான நகர மன்றம்,
சிங்கப்பூர்

பொருள்: சிறுவர் விளையாட்டுத் திடலுக்குத் துணிப்பந்தலும் நிழல்மரங்களும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் புளோக்குகளுக்கு நடுவே உள்ள சிறுவர் விளையாட்டுத் திடலில் மார்ச் முதல் மே வரையிலான மாதங்களில், குழந்தைகள் வெளியே வரக்கூடிய நேரங்களிலெல்லாம் வெயில் தடையின்றி விழுவதால், அங்கு முதற்கட்டமாகத் துணிப்பந்தல் ஒன்றையும் நிலையான ஏற்பாடாக கிழக்கிலும் மேற்கிலும் நிழல்மரங்களையும் அமைத்துத் தருமாறு கேட்டு இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம். இதில் கையொப்பமிட்டவர்களில் பெற்றோரைவிடத் தாத்தா பாட்டிகளே அதிகம். வார நாள்களில் பேரப்பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்து வருபவர்களும், வந்த வேகத்தில் வெயிலுக்கு அஞ்சித் திரும்புபவர்களும் அவர்களே.

நான்கு பருவங்கள் உள்ள நாடுகளைப் போல் குளிர் விலகிப் பூ மலரும் வசந்தம் நமக்கு இல்லை என்றாலும், குழந்தைகள் உள்ள வீடுகளில் ஏறத்தாழ அதே காலத்தில்தான் வெளியே செல்லும் ஆசை கிளம்புகிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களின் வடகிழக்குப் பருவமழை பிள்ளைகளை வீட்டுக்குள் அடைத்து வைத்த பிறகு, பிப்ரவரியில் வானம் வெளுக்கிறது. மார்ச் நடுவில் ஒரு வாரம் பள்ளி விடுமுறை வருகிறது. வறண்ட நாள்களுக்குப் பின் சாலையோர டிரம்பெட் மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கொட்டுகின்றன. ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டும், வளர்தமிழ் இயக்கம் முன்னின்று நடத்தும் தமிழ்மொழி விழாவும் வருகின்றன. கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் விழா நிகழ்ச்சிக்கும் போய் வந்தது போக மீதமுள்ள எல்லா நாள்களிலும் பிள்ளைகள் கேட்பது ஒன்றைத்தான்: கீழே போகலாம். மின்தூக்கியில் இறங்கினால் எதிரே திடல் இருக்கிறது. ஆனால் அங்கே நிற்க முடிவதில்லை.

இது பொதுவாகச் சிங்கப்பூர் வெயிலைப் பற்றிய புலம்பல் அன்று என்பதைத் தங்களிடம் தெளிவுபடுத்த விரும்புகிறோம். எங்கள் திடலின் சிக்கல் அதன் அமைப்பிலிருந்தே எழுகிறது. வீடுகளுக்குள் காலை வெயிலும் மாலை வெயிலும் நேராகப் புகாதபடி, எங்கள் புளோக்குகள் கிழக்கு மேற்காக நீண்டு, திடலுக்கு வடக்கே இரண்டும் தெற்கே இரண்டுமாக நிற்கின்றன. வீடுகளுக்கு அது நல்ல திட்டமே. ஜூன் மாதத்தில் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும்போது வடக்குப் புளோக்குகளின் நிழலும், டிசம்பரில் தெற்கே சாய்ந்திருக்கும்போது தெற்குப் புளோக்குகளின் நிழலும் திடலின் ஒரு பகுதியிலாவது விழுகின்றன. மார்ச் 21ஐ ஒட்டிய வாரங்களிலோ சூரியன் நேர் கிழக்கே உதித்து, தலைக்கு மேலாகக் கடந்து, நேர் மேற்கே மறைவதால், இரு பக்கத்துக் கட்டடங்களின் நிழலும் திடலை எட்டுவதே இல்லை. பள்ளி விடுமுறையும் அந்த வாரங்களை ஒட்டியே வருகிறது.

நம் நாட்டில் சூரியன் உச்சியை அடைவது நண்பகல் 12 மணிக்கு அன்று. மார்ச் மாதத்தில் அது பிற்பகல் 1.10 மணி அளவில் நிகழ்கிறது. அந்த நேரத்தில் யாரும் சிறு பிள்ளைகளைத் திடலுக்குக் கொண்டு வருவதில்லை, அதற்காக நாங்கள் நிழல் கேட்கவும் இல்லை. காலை உணவை முடித்து, 9 மணியிலிருந்து 10.30 மணிக்குள் ஒருமுறை. மதிய உறக்கம் கலைந்த பின், 4.30 மணியிலிருந்து 6.30 மணிக்குள் ஒருமுறை. மூன்று வயதுக் குழந்தை உள்ள எந்த வீட்டிலும் வெளியே செல்லும் நேரம் இவ்வளவுதான். இந்த இரு வேளைகளிலும் வெயில் சாய்வாக விழுவதால், மரம் சரியான பக்கத்தில் இருந்தால் போதும். மார்ச்சில் காலை 10 மணிக்கு ஒரு மரத்தின் நிழல் ஏறத்தாழ அதன் உயரம் அளவுக்கு மேற்கே நீள்கிறது. மாலை 5 மணிக்கு உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு கிழக்கே நீள்கிறது. ஆகவே திடலின் கிழக்கு ஓரத்து மரம் காலைக்கும், மேற்கு ஓரத்து மரம் மாலைக்கும் உதவும்.

மேற்கு ஓரத்தில் அப்படி இரண்டு தூங்குமூஞ்சி மரங்கள் இருந்தன. சீரமைப்புப் பணியின்போது அவை அகற்றப்பட்டன. அதற்குப் பாதுகாப்புக் காரணம் இருந்திருக்கலாம், அதை நாங்கள் இப்போது கிளற விரும்பவில்லை. எங்கள் முந்தைய மின்னஞ்சலுக்கு, மாற்றாக மரக்கன்றுகள் நடப்பட்டுள்ளன என்று பதில் வந்தது. உண்மைதான். ஆனால் அக்கன்றுகள் திடலின் வடக்கு, தெற்கு ஓரங்களில், புளோக்குகளை ஒட்டி நிற்கின்றன. அவை எவ்வளவு உயர்ந்து வளர்ந்தாலும், மேற்கூறிய காரணத்தால், மார்ச் மாதக் காலையிலும் மாலையிலும் அவற்றின் நிழல் திடலுக்கு இணையாக நடைபாதையின் மீதே விழும். மேலும் அவற்றில் சில டிரம்பெட் மரக் கன்றுகள். பூக்கும்போது அவற்றைப் படம் எடுக்காதவர் எங்களில் எவரும் இல்லை. இருந்தும் வறண்ட காலத்தில் இலையை உதிர்த்துவிட்டுப் பூக்கும் மரத்தை, அதே வறண்ட காலத்து நிழலுக்காக நம்பியிருக்க முடியாது என்பதைத் தயவுகூர்ந்து கருத்தில் கொள்ள வேண்டுகிறோம். எந்த மரம், எவ்வளவு இடைவெளியில், நிலத்தடிக் குழாய்களுக்கு இடையூறு இல்லாமல் என்பதைத் தங்கள் தோட்டக்கலை அதிகாரிகளே முடிவு செய்யட்டும். ஆண்டு முழுவதும் இலையோடு நிற்கும் மரமாகவும், கிழக்கிலும் மேற்கிலும் நிற்கும் மரமாகவும் இருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

நிழல் இல்லாத திடல் எப்படி இருக்கிறது என்பதை ஒரு சறுக்குமரத்தைக் கொண்டே சொல்லிவிடலாம். மாலை 4.30 மணிக்கு வரும் பாட்டிகள் முதலில் புறங்கையால் சறுக்குப் பலகையைத் தொட்டுப் பார்க்கிறார்கள். பிறகு பையிலிருந்து ஈரத்துண்டை எடுத்து மேலிருந்து கீழ்வரை துடைக்கிறார்கள். துடைத்த ஈரம் துண்டை மடிப்பதற்குள் காய்ந்துவிடுகிறது. அரைக்கால்சட்டை அணிந்த குழந்தை உட்கார்ந்தவுடன் தொடையைத் தூக்கிக்கொண்டு, பாதங்களை ஊன்றிக் குந்தியபடியே இறங்குகிறது. அப்படி இறங்கும் குழந்தை பாதி வழியில் முன்னே கவிழ்வதற்கு வாய்ப்பு அதிகம். அடியில் விரிக்கப்பட்டுள்ள கருநீல ரப்பர் தளம் பகல் முழுவதும் வாங்கிய சூட்டைப் பொழுது சாய்ந்த பிறகும் விட்டுக்கொண்டிருப்பதால், செருப்பைக் கழற்றி ஓடும் பழக்கமுள்ள சின்னவர்கள் ஒற்றைக்காலில் துள்ளுகிறார்கள். விழுந்தால் அடிபடாமல் இருக்கப் போட்ட தளம் அது என்பதை நாங்கள் அறிவோம், அதை எடுக்கச் சொல்லவில்லை. அதன் மேல் வெயில் விழாமல் செய்யுங்கள் என்கிறோம்.

அரசாங்கமே மக்களுக்குச் சொல்லும் அறிவுரையும் இந்தக் கோரிக்கைக்குத் துணை நிற்கிறது. தேசியச் சுற்றுப்புற வாரியம் காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை மணிக்கொருமுறை புற ஊதாக் கதிர்க் குறியீட்டை வெளியிடுகிறது. மேகம் குறைந்த மார்ச், ஏப்ரல் நாள்களில் அது நடுப்பகலில் 11ஐத் தொட்டு, ‘மிகக் கடுமை’ என்னும் நிலைக்குச் செல்வதும் உண்டு. 2023 ஜூலையில் வெப்ப அழுத்தத்திற்கான அறிவுரையும் அறிமுகமானது. காற்றின் வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்றோட்டம் ஆகியவற்றைச் சேர்த்துக் கணிக்கும் ஈரக்குமிழ் கோள வெப்பநிலை அளவு 33 டிகிரியைத் தொட்டால் வெளிநடவடிக்கைகளைக் குறைத்துக்கொண்டு நிழலில் இருக்குமாறு அது சொல்கிறது. நம் நாட்டில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலையான 37 டிகிரி செல்சியஸ், 1983 ஏப்ரல் 17ஆம் தேதி தெங்காவிலும், 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவிலும் பதிவானது. இரண்டுமே நாங்கள் குறிப்பிடும் இந்த மூன்று மாதங்களுக்குள் அடங்கும். நிழலில் இருங்கள் என்ற அறிவுரையை நாங்கள் மதிக்கிறோம். நிழல்தான் கைவசம் இல்லை.

தீவில் நல்ல பூங்காக்களுக்குக் குறைவில்லையே என்று தாங்கள் கேட்கலாம். பூமலை எனப்படும் தாவரவியல் பூங்காவில் 2007ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜேக்கப் பாலாஸ் சிறுவர் தோட்டத்திலும், அட்மிரல்டி பூங்காவின் சறுக்குகளிலும், கரையோரப் பூந்தோட்டங்களின் சிறுவர் தோட்டத்திலும் எங்கள் பிள்ளைகள் மகிழ்ச்சியாகவே விளையாடுகிறார்கள். 2017 முதல் பேருந்தில் தள்ளுவண்டியை மடிக்காமலே ஏற்ற முடிவதும், ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் சலுகை அட்டையுடன் கட்டணமின்றிப் பயணம் செய்வதும் பெரிய உதவி. எனினும் அவை சனி ஞாயிறுகளுக்கு, இரண்டு பெரியவர்கள் உடன் வரும் நாள்களுக்கு உரியவை. மூட்டுவலி உள்ள ஒரு பாட்டி, ஒரு கையில் பால்புட்டிப் பையும் மறு கையில் இரண்டு வயதுப் பிள்ளையுமாக, செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு பேருந்து மாறி பூமலைக்குப் போவார் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. கரையோரப் பூந்தோட்டங்களின் மலர்க் குவிமாடத்துக்குள் 23 முதல் 25 டிகிரி வரை குளிரூட்டி, வசந்த காலத்தில் செர்ரி மலர்களைக் காட்சிக்கு வைக்கும்போது நாங்களும் நுழைவுச்சீட்டு வாங்கிப் போய்ப் பார்க்கிறோம். ஆனால் அது ஆண்டுக்கு ஒருமுறை செய்கிற செலவு. கடைத்தொகுதிகளின் உள்ளரங்க விளையாட்டு இடங்களும் அத்தகையவையே. புளோக்கின் கீழ்த்தளத்தில் நிழல் இருக்கிறது, ஓட இடம் இல்லை. அங்கு அமர்ந்திருக்கும் முதியவர்களின் அமைதிக்கும் மதிப்புக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மரம் நிழல் தரப் பல ஆண்டுகள் ஆகும். இன்று இரண்டு வயதாகும் பிள்ளை அதற்குள் தொடக்கப்பள்ளிக்குப் போய்விடும். ஆகவேதான் இடைக்கால ஏற்பாடாகத் துணிப்பந்தலைக் கேட்கிறோம். வேறு சில வட்டாரங்களில் விளையாட்டுச் சாதனங்களுக்கு மேல், எஃகுக் கம்பங்களுக்கு இடையே பாய் போல் இழுத்துக் கட்டிய அத்தகைய பந்தல்களை நாங்கள் கண்டிருக்கிறோம். திடல் முழுவதையும் மூட வேண்டியதில்லை. சறுக்குமரமும், சின்னவர்களுக்கான இரண்டு ஊஞ்சல்களும், பெரியவர்கள் உட்காரும் பலகையும் அதன் கீழ் அடங்கினால் போதும். பெரிய பிள்ளைகள் பந்தாடும் பகுதி திறந்தே இருக்கலாம். பந்தலைத் தட்டையாக அமைக்காமல், மேற்குப் பக்கம் தாழ்வாக இறங்கும்படி சாய்த்தால் மாலை வெயிலை அதுவே மறைத்துவிடும். ஏப்ரலில் தொடங்கும் சுமத்ரா சூறைக்காற்றைத் தாங்கும் வலு வேண்டும் என்பதையும், துணியைக் கழற்றித் துவைக்க வழி வேண்டும் என்பதையும் தங்கள் பொறியாளர்கள் எங்களைவிட நன்கு அறிவர்.

இத்துடன் தொடர்புடைய வேறு இரண்டு சிறு கோரிக்கைகளும் உண்டு. ஏப்ரல், மே மாதப் பிற்பகல்களில் இடியுடன் கூடிய மழை திடீரென்று பிடித்துக்கொள்வதால், திடலிலிருந்து அருகிலுள்ள புளோக்கு வரை கூரையுள்ள நடைபாதை வேண்டும். துணிப்பந்தலும் மரமும் மின்னலுக்கு ஒதுங்கத் தக்கவை அல்ல, பிள்ளைகளை நனையாமல் கட்டடத்துக்குள் கொண்டு செல்ல ஒரு வழி அவசியம். அடுத்து, திடலின் ஓரத்தில் குடிநீர்க் குழாய் ஒன்று, குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில்.

இச்செலவை நகர மன்றத்தின் வழக்கமான பராமரிப்பு நிதியிலிருந்து மட்டும் ஏற்பது கடினம் என்றால், குடியிருப்புப் பேட்டைகளின் வசதிகளை மேம்படுத்தத் தேசிய வளர்ச்சி அமைச்சு வழங்கும் நிதிக்கு இத்திட்டத்தைப் பரிந்துரைக்குமாறு வேண்டுகிறோம். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்வது இயலாது எனில், பந்தல் முதலிலும், கிழக்கு மேற்கு மரங்கள் அதே ஆண்டிலும், நடைபாதை அதன் பின்னரும் அமையட்டும். மரத்தைக் கடைசிக்குத் தள்ள வேண்டாம். நடும் நாள் தள்ளிப்போகும் அளவுக்கு நிழலும் தள்ளிப்போகும்.

முடிவெடுப்பதற்கு முன், தாங்களோ தங்கள் அதிகாரிகளோ மார்ச் மாதத்தில் ஒரு நாள் காலை 10 மணிக்கும் மாலை 5 மணிக்கும் திடலை நேரில் பார்வையிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். பிற்பகல் அலுவலக நேரத்தில் வந்தால் திடல் காலியாக இருக்கும், அதைக் கொண்டு தேவை இல்லை என்று கருதிவிடக் கூடாது. வரும் நாளை முன்னதாகத் தெரிவித்தால், வடக்குப் புளோக்கின் கீழ்த்தளத்தில் தாத்தா பாட்டிகளும் பிள்ளைகளுமாக நாங்கள் காத்திருந்து, பழைய மரங்கள் நின்ற இடத்தையும் கன்றுகள் நிற்கும் இடத்தையும் காட்டுகிறோம். கையொப்பப் பட்டியலும், திடலில் காலை, மாலை வேளைகளில் வெயில் விழும் பகுதிகளைக் குறித்த வரைபடமும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

நன்றி.

இப்படிக்கு,
திடலைச் சுற்றியுள்ள குடும்பங்களின் சார்பில்,
இரண்டு சிறு பிள்ளைகளின் தாய், வடக்குப் புளோக்கில் குடியிருப்பவர்