குணாவுக்கு: நின்ற மோட்டாரும் ஓடிய மோட்டாரும்

பட்டர்வொர்த்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள குணா,

உன் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தண்ணீர்மலையானுக்குத் தேங்காய் உடைக்க வேண்டும் என்று அம்மா வேண்டிக்கொண்டார். தைப்பூசத்துக்கு வரும்போது நீயே உடைத்துவிடு. இங்கே மழை விட்டபாடில்லை.

இனி உன் கேள்வி. மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறாய்; புது ராயல் என்ஃபீல்ட் மீட்டியோர் 350 எடுப்பதா, அதே காசுக்குப் பழைய ஹோண்டா ரெபெல் 500 அல்லது கவாசாகி வல்கன் எஸ் எடுப்பதா என்கிறாய். முதலில் உன் லைசன்ஸை எடுத்துப் பார். பி2 மட்டும் இருந்தால் 250 சிசிக்கு மேல் எதையும் தொடாதே; விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கை கழுவிவிடும். சிசி வரம்பில்லாத பி ஃபுல் இருந்தால் மேலே படி. சாலை வரி பெரிய விஷயமில்லை. 350க்கும் ரெபெலின் 471 சிசிக்கும் வருடம் 100 வெள்ளி (ரிங்கிட்), வல்கனின் 649 சிசிக்கு 250.

இந்த மூன்றும் குரூசர், அதாவது தாழ்ந்த இருக்கையில் சாவகாசமாக உட்கார்ந்து ஓட்டும் வகை. குரூசர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது மீட்டரில்தான். '7 வருஷம், 6,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு அண்ணே, புதுசு மாதிரி' என்பார்கள். அதைக் கேட்டால் நீ பயப்பட வேண்டும். தினமும் வேலைக்குப் போகிற கப்சாய் என்ற சின்ன மோட்டார் ஓடி ஓடித் தேய்கிறது. குரூசர் அப்படியில்லை, நின்று நின்றே கெடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்று, பிறகு மூன்று வாரம் போர்வைக்குள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்தப் போர்வைக்குள் என்ன நடக்கிறது தெரியுமா? பாதி காலியான டேங்கில் ஈரம் படிந்து உள்ளே துரு கட்டுகிறது. பெட்ரோல் பிசினாகி, என்ஜினுக்குப் பெட்ரோல் தெளிக்கும் இஞ்செக்டரை அடைக்கிறது. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் கேலிப்பரின் பிஸ்டன் இறுகுகிறது. பேட்டரி வடிகிறது. டயர் ஒரே இடத்தில் அழுந்தி, பக்கச் சுவரில் வெடிப்பு விடுகிறது. ஏர் ஃபில்டர் பெட்டியில் குளவி கூடு கட்டுவதும் உண்டு. கடலோர வீடு என்றால் உப்புக் காற்று வேறு. அலுமினியத்தில் வெள்ளைப் பூ பூத்துவிடும். அதனால் 5 வருடத்தில் 30,000 கிலோமீட்டர் ஓடி, சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை ஒழுங்காக விழுந்த மோட்டார், 6,000 ஓடியதைவிட எத்தனையோ மேல். இரண்டும் ஒரே விலை என்றாலும் ஓடியதையே எடு.

பார்க்கப் போகும்போது ஒரு டார்ச், ஒரு வோல்ட்மீட்டர், வெள்ளைத் துணி ஒன்று கொண்டு போ. என்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. போனதும் என்ஜின் மூடியில் கை வை. சூடாக இருந்தால், ஆறிய நிலையில் என்ஜின் தரும் புகையையும் சத்தத்தையும் உனக்குக் காட்ட விருப்பமில்லை என்று அர்த்தம்.

முன் சக்கரத்தைத் தாங்கி ஏறி இறங்கும் ஃபோர்க்கில் கொஞ்சம் நேரம் செலவழி. பளபளக்கும் குழாயின் மேல், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் ஸீலுக்கு இரண்டு விரல் தள்ளி, துணியைச் சுற்றித் துடைத்துவிட்டு முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து ஐந்தாறு முறை ஃபோர்க்கை அமுக்கி எழுப்பு. மறுபடி அதே இடத்தைத் துடை. துணியில் எண்ணெய் வளையம் வந்தால் ஸீல் போயிற்று. அது பெரிய செலவில்லை. பெரிய செலவு வேறு: அதே குழாயின் மேல் நகத்தை மெதுவாக இழுத்துப் பார். ஊசி முனை அளவுக்குக் குழி தட்டுப்பட்டால் துரு குரோமைத் தின்றிருக்கிறது. புது ஸீல் போட்டாலும் அந்தக் குழி ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் அதை அரிந்துவிடும். ஒன்றிரண்டு மாதத்தில் மீண்டும் ஒழுகும். குழாயையே மாற்ற வேண்டி வரும். அந்த மோட்டாரைப் பாதி மனதோடு பார்க்காதே, வேறு தேடு.

அடுத்து மின்சாரம். சாவியைத் திறக்காமல் பேட்டரி முனைகளில் அள: 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். என்ஜினை ஓட்டி, நிமிடத்துக்குச் சுமார் 4,000 சுற்றுக்கு ஏற்றி மறுபடி அள. 13.5க்கும் 14.5க்கும் இடையில் நிற்க வேண்டும். 13க்குக் கீழே என்றால் மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டரோ அதைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரோ சாகப் போகிறது. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாடு இழந்துவிட்டது, பேட்டரி கொதித்துப் போகும். ரெகுலேட்டருக்குப் போகும் வெள்ளை இணைப்பியில் பழுப்புக் கறை இருந்தால் அங்கே சூடேறி உருகியிருக்கிறது. அதைப் பார்க்காமல் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் நம் ஊரில் நிறைய.

செயினைப் பின் பல்சக்கரத்தின் பின்புறத்தில் பிடித்து இழு. பாதிப் பல்லுக்கு மேல் தெரிந்தால் செயின் முடிந்தது; பற்கள் சுறாத் துடுப்புப் போல ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பல்சக்கரங்களும் சேர்த்துத்தான். தனியாகச் செயினை மட்டும் மாற்றினால் பழைய பல்லே புதுச் செயினைத் தின்றுவிடும். பிரேக் டிஸ்க்கின் குறைந்தபட்ச கனம் அதன் மேலேயே பொறித்திருக்கும், வெர்னியர் அளவுகோலால் அளந்து ஒப்பிடு. பிரேக் எண்ணெய் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியது. அதன் கிண்ணத்திலுள்ள கண்ணாடி வழியே பார்க்கும்போது தேநீர் நிறத்தில் இருந்தால் யாரும் தொடவில்லை. டயரின் பக்கத்தில் உள்ள கடைசி நான்கு எண்கள் 1821 என்றால் 2021ஆம் ஆண்டின் 18ஆவது வாரத்தில் செய்தது. ஆறு வயதைத் தாண்டிய டயரில் பட்டை எவ்வளவு இருந்தாலும் மழையில் நம்பாதே, ரப்பர் கல்லாகியிருக்கும்.

என்ஜினை அணைத்து, நியூட்ரலில் மோட்டாரைத் தள்ளிப் பார். பிரேக்கை ஒருமுறை அழுத்திவிட்டு மறுபடி தள்ளு. முன்னைவிடக் கனமாக இருந்தால் கேலிப்பர் பிடிக்கிறது. முன் சக்கரத்தைத் தூக்கி வைத்து ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்பு. நேர்நிலையில் 'டக்' என்று ஒரு பள்ளத்தில் விழுவது போல் இருந்தால் ஹேண்டில் சுழல உதவும் ஹெட் பேரிங் போய்விட்டது. ஹேண்டில் முட்டும் இடத்திலுள்ள ஸ்டாப்பர் நசுங்கியிருந்தால் அந்த மோட்டார் பலமாக விழுந்திருக்கிறது, எவ்வளவு பெயின்ட் அடித்திருந்தாலும் சரி. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக்கின் விளக்கு சாவி திறந்ததும் எரிந்து, நகர்ந்ததும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் கோளாறு தெரியாமலிருக்க யாரோ அதை மறைத்திருக்கக்கூடும்.

அலங்காரம் பண்ணியதை விட்டுவிடு. உயர்ந்த ஹேண்டில், சுருக்கிய பின் ஷாக், நேர்க் குழாய் எக்ஸாஸ்ட் இவையெல்லாம் கண்ணுக்கு நன்றாக இருக்கும். ஹேண்டில் உயர்ந்ததும் கேபிளும் பிரேக் ஹோஸும் முறுக்கேறும். எரிபொருள் அளவைத் திருத்தாமல் குழாயை மட்டும் மாற்றினால் கலவை மெலிந்து, ஆக்ஸிலேட்டர் விடும்போது பட்பட் என்று வெடிக்கும். அசல் பாகங்கள் எங்கே என்று கேள். 'ஸ்டோரில் இருக்கு' என்றால் எடுத்து வந்து காட்டச் சொல்.

காகித வேலை. கெரானில் (மோட்டாரின் உரிமைச் சான்றிதழில்) உள்ள சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் உலோகத்தில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடு. உலோகத்தில் தேய்த்துப் பொறித்த தடம் தெரிந்தால் பேச்சை அங்கேயே நிறுத்து. வங்கியின் உரிமைக் கோரிக்கை இருந்தால் கடனை அடைத்து அது நீங்கிய பிறகே பணம். 'சம்போங் பாயார்' என்று சொல்வதை வாங்கவே வேண்டாம். தவணை நீ கட்டுவாய், மோட்டார் அவர் பெயரில் இருக்கும், அவர் கட்டாத போக்குவரத்து அபராதச் சம்மனும் உன் தலையில். உன் பெயரில் இன்சூரன்ஸ் எடுத்து, இருவரும் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகாவில்) அடையாளத்தை உறுதிப்படுத்திப் பெயர் மாற்றிய பிறகுதான் மீதிப் பணம்.

பழைய மீட்டியோர் ஏதாவது கண்ணில் பட்டால் ஒரு விஷயம் ஞாபகம் வை. 2020 டிசம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை தயாரானவற்றில் பிளக்குக்குத் தீப்பொறி தரும் இக்னிஷன் காயிலில் குறைபாடு இருப்பதாக நிறுவனமே 2021 மே மாதம் திரும்ப அழைத்தது. மலேசியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. காயில் மாற்றிய ரசீதைக் கேள்.

இனி புது மீட்டியோர். 349 சிசி, 20 குதிரைத் திறன், 191 கிலோ, 15 லிட்டர் டேங்க். கோலாலம்பூரில் உன் செந்தூலிலிருந்து வேலைக்கு, பெடரல் ஹைவே மோட்டார் பாதைக்கு, வாரக் கடைசியில் உலு யாமுக்கு இதைவிடச் சுகமான வண்டி கிடையாது. ஆனால் பினாங்குக்கு வர 350 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அது தன் எல்லையில் அலறிக்கொண்டே வரும். லாரியை முந்தக் கையில் ஒன்றும் மிச்சமிருக்காது. ரெபெல் 500 அதே வேகத்தில் நிதானமாக ஓடும், இருக்கை 690 மில்லிமீட்டர்தான். ஆனால் டேங்க் 11 லிட்டர் சொச்சம் என்பதால் நடுவழியில் ஒருமுறை நிற்க வேண்டும். வல்கன் எஸ் இன்னும் வலிமை, ஆனால் 229 கிலோ. மோட்டார் பாதையின் சுரங்கத் திருப்பங்களிலும் எம்ஆர்ஆர்2 வட்டச் சாலை நெரிசலிலும் அந்த எடையும் அகலமும் தெரியும். வருஷத்துக்கு நான்கு முறை இங்கே வருகிறேன் என்றாய். நிஜமாக வந்தால் ரெபெல். வராமல் கதை சொன்னால் மீட்டியோர்.

புதியதென்றால் முதல் ஆயிரம் கிலோமீட்டரில் ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாதே, ஏற்றி இறக்கி ஓட்டு. முதல் ஆயில் மாற்றத்தைத் தள்ளிப் போடாதே. உலோகத் துகள் எல்லாம் அந்த எண்ணெயில்தான் வரும். கடன் வாங்குவதாக இருந்தால் கணக்கைக் காகிதத்தில் போடு. 20,000 வெள்ளி, 5 விழுக்காடு நிலை வட்டி (அசல் குறைந்தாலும் முழுத் தொகைக்கும் போடுவது), 5 வருடம்: வட்டி மட்டும் 5,000, மாதம் 417 வெள்ளி. குறைந்துகொண்டே வரும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி 9 விழுக்காட்டை ஒட்டி வரும். விற்பவர் 5 என்று சொன்னால் எந்த வட்டி என்று கேள்.

பழையதென்றால் விலையோடு இன்னொரு தொகையைச் சேர்த்தே யோசி. டயர் இரண்டு, செயின் பல்சக்கரம், பேட்டரி, எல்லா எண்ணெயும், பிரேக் பேட் இவற்றுக்கு 3,000 வெள்ளியைத் தனியே எடுத்து வை. மோட்டார் நன்றாக இருந்தால் அதில் பாதி மிச்சம். அந்த 3,000 இல்லாமல் கையிலிருப்பதையெல்லாம் கொட்டிப் பழையதை வாங்குவதாக இருந்தால் வேண்டாம், புதியதையே தவணையில் எடு.

ஒன்று மட்டும் மனசாட்சியைத் தொட்டுச் சொல். வாரத்துக்கு இரண்டு முறையாவது, ஒவ்வொரு தடவையும் இருபது நிமிடத்துக்குக் குறையாமல் ஓட்டுவாயா? மாட்டாய் என்றால் ஒரு தானியங்கி பேட்டரி சார்ஜர் வாங்கு, டேங்கை எப்போதும் நிரப்பியே நிறுத்து, போர்வைக்குப் பதிலாகக் காற்றுப் போகிற கூரையடியில் நிறுத்து. வீட்டில் அதற்கு இடமில்லை என்று முன்பு சொன்னாய். அதையும் ஒரு வழி பண்ணு.

எதைப் பார்க்கப் போனாலும் படம் அனுப்பு. முழு மோட்டார் படம் வேண்டாம். ஃபோர்க் குழாய், செயின், டயர் எண், ஹேண்டில் ஸ்டாப்பர், இந்த நான்கும் போதும். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

உன்,
பாலா