சுனார் கல்

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. இருமல் குறைந்து இரவில் தூங்க முடிகிறது என்று எழுதியிருந்தாய். படித்த பிறகுதான் எனக்கும் மூச்சு வந்தது. கல் செதுக்கும் பட்டறைப் பக்கமே போகாதே என்று டாக்டர் சொன்னதை மட்டும் மீறிவிடாதேடா. இங்கே பேத்திக்கு வந்த காய்ச்சல் சரியாகிவிட்டது. பொங்கல் வரை நாங்கள் காசியில்தான்.

சரி, சுனாருக்குப் போய்வந்ததைச் சொல்கிறேன். இங்கிருந்து தென்மேற்கே 40 கிலோமீட்டர் போல இருக்கும். மிர்சாபூர் மாவட்டத்தில் கங்கையின் தென்கரையில் இருக்கிற சின்ன ஊர். கோட்டை மேலே ஏறி நின்றதும் உன் ஞாபகம்தான் வந்தது. விந்தியத்தின் நுனி ஒன்று நேராக வந்து ஆற்றில் கால் வைத்தமாதிரி நிற்கிறது. அந்த ஊர்க்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்: வாமனன் உலகளந்தபோது திருவடி பட்ட குன்றாம். சரணாத்ரி என்ற பெயர்தான் தேய்ந்து சுனார் ஆனதாம்.

அங்கிருந்து வடக்கே இமயமலை அடிவாரம் வரைக்கும் வெறும் வண்டல் மண். வீடு கட்ட ஒரு கல் கிடைக்காது. தெற்கே திரும்பினால் மலை மலையாக மணற்கல். பலுவா பத்தர் என்கிறார்கள், பலுவா என்றால் மணல் கலந்தது. நம்மூர்க் கருங்கல் மாதிரி கிடையாது. படுகை படுகையாக உட்கார்ந்திருக்கிறது, ஆப்பு அடித்தால் பாளம் பாளமாக வருகிறது. வெளிர் சந்தன நிறத்தில் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். சாரநாத் போயிருந்தபோது அசோகன் தூணின் சிங்கத் தலையில் அதே புள்ளிகளைத்தான் பார்த்தேன். நம் ரூபாய் நோட்டில் இருக்கிற நான்கு சிங்கம் இந்த ஊர்க் கல்தான்!

பீகாரில் லௌரியா நந்தன்கட் என்ற இடத்தில் அசோகன் தூண் ஒன்று இன்னும் சிங்கத்தோடு நிற்கிறது. தண்டு மட்டும் 32 அடிக்கு மேல், ஒரே கல். அதைக் கொண்டுபோக மலைக்குப் பக்கத்திலேயே ஆறு இருந்தால்தானே முடியும்? நல்ல கல் எத்தனையோ ஊரில் இருக்கிறது. கல்லும் படகும் ஒரே இடத்தில் சந்திப்பதுதான் சுனாருக்கு வாய்த்தது. காசியின் படித்துறைகள், ராம்நகர் கோட்டை எல்லாம் இங்கிருந்து போன கல்லே.

ஆற்றை ஒட்டிய குன்று என்றால் ராஜாக்கள் விடுவார்களா? ஷேர் கான் (பின்னால் டெல்லியை ஆண்ட ஷேர் ஷா ஆனவன்) 1530-ல் கோட்டைக்காரனின் விதவை லாட் மலிகாவைக் கல்யாணம் செய்துகொண்டே இந்தக் கோட்டையைப் பிடித்தான். முகலாய அரசர் ஹுமாயூன் 1538-ல் மாதக்கணக்கில் இதை முற்றுகையிட்டு ஜெயித்தார். அவர் இங்கே மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஷேர் கான் வங்காளத்தையே வளைத்துவிட்டான். இரண்டே வருடத்தில் டெல்லியும் போனது. அப்புறம் 1781-ல் காசி ராஜா சேத் சிங்கின் ஆட்கள் எதிர்த்துக் கிளம்பியபோது, கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் ஓடி வந்து ஒளிந்ததும் இங்கேதான்.

ஆனால் என்னை உலுக்கியது இதெல்லாம் இல்லை. பஞ்சாப் மகாராஜா ரஞ்சித் சிங்கின் மனைவி ராணி ஜிந்தனை வெள்ளைக்காரர்கள் இந்தக் கோட்டையில் அடைத்து வைத்திருந்தார்கள். ஒன்பது வயதுப் பையனை அவளிடமிருந்து பிரித்துவிட்டார்கள். 1849 ஏப்ரலில் அவள் வேலைக்காரி வேடம் போட்டுத் தப்பித்து நேபாளம் போய்ச் சேர்ந்தாள். மகனைத் திரும்பப் பார்த்தது 1861-ல், கல்கத்தாவில். அதற்குள் அவளுக்குக் கண் பார்வை கிட்டத்தட்ட போய்விட்டது. மதிலோரம் நின்று கீழே தண்ணீரைப் பார்த்தேன். செங்குத்தான சரிவு. எப்படி இறங்கியிருப்பாள்? பேத்தி என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள், எனக்குப் பேச்சு வரவில்லை.

இறங்கி வரும்போது சாலையோரம் ஒரு கல் கொட்டகை. பத்துப் பதினைந்து பேர் ஜாலி என்கிற சல்லடைப் பலகணி செதுக்கிக்கொண்டிருந்தார்கள். உளியை நீ பிடிக்கிற மாதிரியேதான் பிடிக்கிறார்கள், கட்டை விரலை மேலே விட்டு. புருவம், மீசை எல்லாம் வெள்ளைத் தூசி. வாயில் துண்டு கட்டியிருந்தது ஒரே ஒருவர். இந்தக் கல்லில் கருங்கல்லைவிட சிலிக்கா என்கிற மணல் சத்து அதிகம், தூசி நேரே நுரையீரலுக்குத்தான் போகும். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் உன் கதையைச் சொன்னேன். பெரியவர் ஒருவர் சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். பக்கத்தில் இருந்த பையன் மட்டும் தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கில் சுற்றிக்கொண்டான்.

கிளம்பும்போது அந்தப் பெரியவர் உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டுக் கல் கொடுத்தார். ஈரத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். தையில் வரும்போது கொண்டுவருகிறேன். நீ செதுக்க வேண்டாம். தட்டி, ஓசையைக் கேட்டு, ஆண் கல்லா பெண் கல்லா என்று மட்டும் சொல்லு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்