செயலாளரின் ஆண்டறிக்கை: 2022 ஏப்ரல் – 2023 மார்ச்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போஷகர் அவர்களே, சனசமூக நிலைய அங்கத்தவர்களே,

போன வருட அறிக்கையை எட்டுப் பேருக்கு முன்னால் வாசித்தேன். இன்று பத்தொன்பது பேர் இருக்கிறீர்கள். நிர்வாகத் தெரிவு இருப்பதால் வந்திருக்கலாம். எப்படியோ, வந்ததற்கு நன்றி.

வழமையான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். சரஸ்வதி பூசை நடந்தது. டெங்குச் சிரமதானம் இரண்டு முறை நடந்தது. விளையாட்டுப் போட்டி எரிபொருள் தட்டுப்பாட்டால் நடக்கவில்லை. பன்னிரண்டு நிர்வாகக் கூட்டங்களில் ஐந்துக்குக் கோரம், அதாவது கூட்டம் நடத்தப் போதிய ஆட்கள், இல்லை. அந்த ஐந்திலும் தலைவரும் நானும் கொஞ்ச நேரம் கதைத்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போனோம்.

இனி ஆங்கில வகுப்பு. “வாசிகசாலையைச் செயலாளர் ரியூசன் கொட்டில் ஆக்கிப்போட்டார்” என்று ஊருக்குள் ஒரு கதை உலாவுவதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வகுப்பு தொடங்கியது பெற்றோல் செட்டில். ஜூன் மாதம் இரவிரவாக வரிசையில் நின்றபோது என் கையில் ஓர் ஆங்கிலப் பத்திரிகை இருந்தது. பின்னால் நின்ற உயர்தர மாணவன் எட்டிப் பார்த்து, “ஐயா, இந்த டிஃபோல்ட் எண்டால் என்ன?” என்று கேட்டான். போனில் ‘டிஃபோல்ட் செற்றிங்’ என்று வருவது மட்டும் அவனுக்குத் தெரியும். “அப்ப நாடு பழைய நிலைக்குத் திரும்பிட்டுதோ?” என்றான். கருத்துப் பிழை. ஆனால் வரிசையில் நின்ற ஒருவரும் மறுக்கவில்லை.

அங்கேயே விளக்கினேன். ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கட்டுவதை இலங்கை அரசு நிறுத்தியது. 18ஆம் திகதி கட்ட வேண்டிய 7 கோடி 80 இலட்சம் டொலர் வட்டியும் கட்டப்படவில்லை. அதற்கு 30 நாள் ‘கிரேஸ் பீரியட்’ இருந்தது. கிரேஸ் என்றால் தேவாலயத்தில் சொல்லும் அதே கிருபைதான். மே மாதம் அந்தக் கிருபையும் முடிந்தது; சுதந்திரத்துக்குப் பிறகு முதல் தடவையாக நாடு கடன் தவறி டிஃபோல்ட் ஆனது. பெற்றோல் கிடைக்க விடிந்துவிட்டது. அதற்குள் ஆறு சொல் படித்துவிட்டோம்.

அதற்கடுத்த சனிக்கிழமையிலிருந்து நிலையத்தில் வகுப்பு. ஒரு செய்தி, ஐந்து சொல். கருத்தை முதலில் வசனத்திலிருந்து ஊகிக்க வேண்டும், அப்புறம்தான் அகராதி. பிறகு அதே சொல்லை வைத்து தன் வீட்டைப் பற்றி ஒரு வசனம் எழுத வேண்டும். பாடப்புத்தகத்துச் சுற்றுலாக் கட்டுரையில் வரும் சொற்கள் பரீட்சையோடு போய்விடும். வீட்டில் காஸ் முடிந்திருக்கிறபோது படித்த ‘ஷோர்ட்டேஜ்’ போகாது. இதுதான் என் கட்சி.

ஜூலையில் பாடம் தேட வேண்டியிருக்கவில்லை. 13ஆம் திகதி ரணில் விக்கிரமசிங்க ‘அக்டிங் பிரெசிடென்ட்’ ஆனார். “நடிப்புக்கும் அக்டிங் எண்டுதானே சொல்லுறது?” என்று ஒரு பிள்ளை கேட்க, பதில் சனாதிபதி என்று புரியவைக்க அரை மணித்தியாலம் போனது. மறுநாள் சனாதிபதி கோட்டாபய சிங்கப்பூரிலிருந்து பதவி விலகினார். ஆகஸ்டில் கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று எரிபொருள் கோட்டா வந்தது. கோட்டா போய்க் கோட்டா வந்தது என்று பிள்ளைகள் சொன்னதை நான் கண்டிக்கவில்லை.

கஷ்டப்பட்டது ‘இன்ஃப்ளேசன்’ என்ற சொல்லோடுதான். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் பணவீக்கம் செப்டெம்பரில் 69.8 வீதம், இந்த மார்ச்சில் 50.3 வீதம். “குறைஞ்சிட்டுது எண்டால் பாண் ஏன் மலியேல்லை?” என்று கேட்டார்கள். சைக்கிள் பம்பைக் கொண்டுவந்து ஒரு ரியூப்புக்குக் காற்றடித்துக் காட்டினேன். முதலில் வேகமாக அடித்தேன், பிறகு மெதுவாக. வேகம் குறைந்தாலும் ரியூப் ஊதிக்கொண்டுதான் போனது. அந்தச் சந்தேகம் பிறகு வரவில்லை. ரியூப் என்னுடையது, நிலையக் கணக்கில் எழுதவில்லை.

முறைப்பாட்டுக்கும் வருகிறேன். ஒரு பிள்ளை எழுதிய வசனத்தின் தமிழ் இது: “என் அப்பா வாசிகசாலைச் சந்தாவில் மூன்று வருடமாக டிஃபோல்ட்.” இலக்கணம் சரியாக இருந்ததால் நான் திருத்தவில்லை. அந்த அப்பா தலைவரிடம் போய் முறையிட்டார். அன்றைக்காவது சந்தாவைக் கட்டியிருக்கலாம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் வரவைவிடச் செலவு சற்றுக் கூட. பத்திரிகை விலை ஏறியதும் ஒரு காரணம். சில மாதங்கள் ஆங்கிலப் பத்திரிகைக்கு நானே காசு கொடுத்தேன். சொல்லிக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, கணக்கில் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். நாற்பத்திரண்டு அங்கத்தவர்களில் முழுச் சந்தா கட்டியவர்கள் பதினாறு பேர். கடன் கொடுத்தவர்கள் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பதற்கு ‘ஹெயர்கட்’ என்று பெயர். இதைப் பிள்ளைகளிடம் கேட்டறிந்த ஓர் அங்கத்தவர், சந்தாவிலும் ஒரு ஹெயர்கட் பார்க்கச் சொன்னார். “மூன்று வருஷமா எங்களுக்கு மொட்டை, இனி எதை வெட்டுறது?” என்றார் பொருளாளர்.

இடம் துப்புரவாக்கிய மாதர் சங்கத்தினருக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும், போஷகர் ஐயாவுக்கும் நன்றி.

மார்ச் 20ஆம் திகதி சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுக்குச் சம்மதித்திருக்கிறது. நான்கு வருடத்தில் தவணை தவணையாகத்தான் வரும். எங்களுக்கு அப்படித் தருவாரில்லை. வகுப்புக்கு இப்போது பதினொரு பிள்ளைகள் வருகிறார்கள், அகராதி ஒன்றுதான் இருக்கிறது. செயலாளர் பதவிக்கு வேறு யாராவது முன்வந்தால் திறப்பை இன்றே தருகிறேன். சனிக்கிழமை நான்கு மணிக்குக் கதவைத் திறந்துவிட்டால் போதும். சந்தாவைத் தவணையாகக் கட்டவும் நிர்வாகம் சம்மதித்திருக்கிறது. பொருளாளர் வீட்டுப் படலை பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு திறந்தே இருக்கும். நாயைக் கட்டித்தான் வைத்திருக்கிறார்.

இங்ஙனம்,
செயலாளர்