வாட்ச் வாங்கப்போற தம்பிக்கு அக்கா எழுதறது

டேய் தம்பி,

ஓடறதுக்கு எந்த வாட்ச் வாங்கலாம்னு கேட்டு நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு நீ அனுப்புன மூணு லிங்க்கையும் பாத்தேன். போன்ல சொன்னா "சரிக்கா சரிக்கா"ன்னு பாதியில கட் பண்ணிடுவ, அதான் உக்காந்து எழுதறேன். இதே கேள்விய என்கிட்ட கேக்கற இன்னும் நாலு பேருக்கும் ஆகட்டும்னு இங்கயே போடறேன், கோச்சுக்காத.

ஓட ஆரம்பிச்சு நாலு மாசம், அதுக்குள்ள 50,000 ரூபாய்க்கு வாட்ச். திட்டல, உன் காசு. ஆனா போன வாரம் காலையில 4.45க்கு மேடவாக்கம் சோழிங்கநல்லூர் ரோட்ல எங்க கார் உன்ன தாண்டிப் போச்சே, ஞாபகம் இருக்கா? கருப்பு டீஷர்ட், கருப்பு ஷார்ட்ஸ், ரெண்டு காதுலயும் இயர்பட்ஸ், மாமா ஹாரன் அடிச்சும் நீ திரும்பல. அவரு உன்னப் பாத்ததே பத்தடி முன்னாடிதான். அந்த நேரத்துல அந்த ரோட்ல யாரு வர்றா, தண்ணி லாரியும் நைட் ஷிப்ட் முடிச்சு வீட்டுக்குப் பறக்கற கேபும்தான், அவனுங்க தூக்கக் கலக்கத்துல உன்ன எங்க பாக்கப்போறான்?

அதனால முதல் செலவு வெளிச்சத்துக்கு. நீ உடனே ஒரு நியான் பச்ச டீஷர்ட் வாங்கிட்டு "அக்கா ஓகேவா"ன்னு போட்டோ அனுப்புவ, தெரியும். அந்த நியான் கலர் சூரிய வெளிச்சம் இருந்தாதான் பளிச்சுன்னு தெரியும், விடியறதுக்கு முன்னாடி அதுவும் சாம்பல் கலர்தான். இருட்டுல வேலை செய்யறது ரிஃப்ளெக்டிவ் பட்டை, ஹெட்லைட் வெளிச்சத்த வந்த பக்கமே திருப்பி அனுப்பும், டிரைவர் கண்ணுக்கு நேரா போகும். அத நெஞ்சுல மட்டும் மாட்டாத, கணுக்கால்லயும் கட்டு. நெஞ்சுல இருக்கற பட்டைய பாத்தா போர்டா, பேரிகேடான்னு டிரைவருக்கு சட்டுன்னு புரியாது, ஆனா ரெண்டு பட்டை மேலயும் கீழயும் மாறி மாறி ஆடுச்சுன்னா யாரோ ஒரு ஆள் ஓடறான்னு தூரத்துலயே மூளைக்குப் பிடிபட்டுடும். கட்டறதுக்கு ரெண்டு வெல்க்ரோ பட்டை, அவ்ளோதான்.

ஆனா பட்டைக்கு சொந்த வெளிச்சம் கிடையாது. ஹெட்லைட்டே இல்லாம வர்ற பைக்குக்கு அதால பிரயோஜனம் இல்ல, நம்ம ஊர்ல அது எத்தனன்னு உனக்கே தெரியும். அதுக்குத்தான் இடுப்புக்குப் பின்னாடி மினுக்கி மினுக்கி எரியற சிவப்பு லைட்டு, பிளிங்கர்னு கேளு, முன்னாடிக்கு நெத்தியில கட்டற ஒரு சின்ன ஹெட்லேம்ப். ஹெட்லேம்ப் வண்டிக்காரனுக்கு மட்டும் இல்ல, தோண்டிப்போட்ட பள்ளம், மூடி இல்லாத மேன்ஹோல் எல்லாம் உன் கண்ணுக்கும் தெரியணும்ல. பிளாட்பாரம் இல்லாத இடத்துல ரோட்டுக்கு வலது பக்கமா, எதிர்ல வர்ற வண்டிய பாத்தாப்ல ஓடு. நம்மூர்ல ராங் சைடுல வர்ற புண்ணியவான் முதுகுப் பக்கமும் வருவான், அதான் பின்னாடி பிளிங்கர் சொன்னேன்.

ஃபௌஜா சிங் தாத்தா ஞாபகம் இருக்கா, 2011ல 100 வயசுல டொராண்டோ மாரத்தான முடிச்சாரே. 114 வயசுன்னு சொன்னாங்க, 2025 ஜூலையில, ஜலந்தர் பக்கத்துல அவரு கிராமத்து ரோட்ட கடக்கறப்போ கார் இடிச்சுப் போயிட்டாரு. அவ்ளோ வயசு வரைக்கும் தாங்குன கால். அந்த நியூஸ படிச்ச அன்னிக்கு எனக்கு ஓடவே போகத் தோணல.

இயர்பட்ஸ வீட்ல வெச்சிட்டுப் போ. பாட்டு இல்லாம கால் நகராதுன்னா காதுக்கு வெளிய எலும்புல ஒக்காந்து எலும்பு வழியாவே சத்தத்த அனுப்பற ஹெட்போன் (bone conduction) இருக்கு, காது திறந்தே இருக்கும். நாய் துரத்துனா ஓடாத, நின்னு கண்ணப் பாக்காம மெதுவா நட. கடிச்சிடுச்சு, இல்ல லேசா பல்லு பட்டுச்சுன்னா கூட சோப்பு போட்டு ஓடற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு அன்னிக்கே ஊசி. மஞ்சள் வெக்கிறேன்னு அம்மா வருவாங்க, விடாத.

இப்ப வாட்ச். உனக்கு வேண்டியது தூரம், பேஸ் (ஒரு கிலோமீட்டருக்கு எத்தன நிமிஷம்னு), நேரம், ஹார்ட் ரேட், இந்த நாலுதான். கார்மின் ஃபோர்ரன்னர் 55 இதுக்குப் போதும், 2021ல வந்த பழைய மாடல்தான், 37 கிராம், ஜிபிஎஸ் ஆன்ல இருந்தா 20 மணி நேரம் தாங்கும்னு கம்பெனி சொல்றான், நீ ஃபுல் மாரத்தான நடந்தே முடிச்சாலும் மிச்சம் இருக்கும். ஆபீஸ்லயும் ஸ்டைலா இருக்கணும்னா ஃபோர்ரன்னர் 165, போன் மாதிரி பளிச்சுன்னு கலரா தெரியற அமோலெட் ஸ்கிரீன். ஓஎம்ஆர் பில்டிங்குக்கு நடுவுல ஓடுவேன், ஜிபிஎஸ் தாவக்கூடாதுன்னா கோரோஸ் பேஸ் 3, அதுல டூயல் ஃப்ரீக்வென்சி இருக்கு, அதாவது சாட்டிலைட் சிக்னல ரெண்டு அலைவரிசையில வாங்கும். கண்ணாடி சுவத்துல பட்டு திரும்பி வர்ற சிக்னல நல்லா கழிச்சிடும். நைலான் ஸ்ட்ராப் போட்டா 30 கிராம்தான். எதுவா இருந்தாலும் பட்டன் இருக்கணும், டச் மட்டும் வெச்ச வாட்ச் வாங்கவே வாங்காத. நம்மூர் வேர்வையில, ஈர விரலுக்கு, ஒவ்வொரு ரவுண்டையும் தனியா குறிக்கற லேப் போடறதுக்கு அத தேய் தேய்னு தேச்சு நான் பட்ட பாடு போதும்.

ஹார்ட் ரேட் பத்தி ஒண்ணு. "மெதுவாதான் ஓடறேன், 172 காட்டுதுக்கா"ன்னு பயந்தியே, உன் கால் ஒரு நிமிஷத்துக்கு எத்தன அடி வெக்குதுன்னு எண்ணிப் பாரு, கிட்டத்தட்ட அதே 170தான் வரும். வாட்ச் அடியில இருக்கற பச்ச லைட்டு ரத்த ஓட்டத்த பாக்குது, லூசா கட்டுனா அது காலடி அதிர்வையே நாடின்னு நினைச்சுப் பிடிச்சிக்கும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேல, ஓடறப்போ மட்டும் கொஞ்சம் டைட்டா கட்டு. அப்புறமும் சரியா வரலைன்னா நெஞ்சுல கட்டற செஸ்ட் ஸ்ட்ராப், அது இதயத்தோட மின்சாரத்தையே நேரா எடுக்கும்.

அப்புறம் 10 கிலோமீட்டர் ரேஸ்ல ஃப்ரெண்டோட வாட்ச் 10.14 காட்டுச்சு, ஏமாத்திட்டாங்கன்னு குதிச்சியே. முறையா அளக்கற ரேஸ்ல சைக்கிள் சக்கரத்துல கருவி மாட்டி, வளைவுல எல்லாம் குறுக்கு வழியாவே அளப்பாங்க, குறைஞ்சிடக் கூடாதுன்னு ஆயிரத்துல ஒரு பங்கு கூட்டியும் வெப்பாங்க, ஃபுல் மாரத்தானுக்கு 42 மீட்டர். நீ ரோட்ல வளைஞ்சு வளைஞ்சு ஓடுனது உன் கணக்கு.

கீழ விழுந்தா வாட்சே கண்டுபிடிச்சு வீட்டுக்கு மெசேஜ் அனுப்பற இன்சிடென்ட் டிடெக்ஷன் இருக்குக்கான்னு கேட்ட. நான் சொன்ன கார்மின் ரெண்டுலயும் இருக்கு, ஆனா பக்கத்துல போன் இருந்தாதான் மெசேஜ் போகும். எனக்கு எப்படித் தெரியும்னா, ரெண்டு வருஷம் முன்னாடி கோட்டூர்புரத்துல பாதி பேத்துப்போட்ட பிளாட்பாரத்துல தடுக்கி விழுந்தேன்ல, என் பழைய வாட்ச் கரெக்டா கண்டுபிடிச்சு வைப்ரேட் பண்ணி கவுண்ட் டவுன் எல்லாம் ஓட்டுச்சு, போன் வீட்ல சார்ஜ்ல இருந்துச்சு. தாடையில ரத்தம். ஆட்டோக்காரண்ணன் ஒருத்தர் தூக்கி உக்கார வெச்சு, "யாருக்கும்மா போன் பண்ணணும்"னு அவரு போன நீட்டறாரு, எனக்கு மாமா நம்பர் தெரியல! கல்யாணம் ஆகி 11 வருஷம். மனப்பாடமா தெரிஞ்சது நம்ம வீட்டு பழைய லேண்ட்லைன் நம்பர் ஒண்ணுதான், அது கட் ஆகி எத்தன வருஷம் ஆச்சு. கடைசியில அவரே வீடு வரைக்கும் கொண்டு விட்டாரு, காசும் வாங்கல.

அன்னிக்கு சாயங்காலமே பேரு, ரத்த குரூப்பு, ரெண்டு போன் நம்பர் பொறிச்ச, கையில மாட்டற பட்டை ஒண்ணு ஆர்டர் பண்ணேன், இன்னிக்கு வரைக்கும் கழட்டல. உனக்கும் ஒண்ணு சொல்லிட்டேன், ஓ பாசிட்டிவ்தான உனக்கு? நாளைக்குள்ள கன்ஃபார்ம் பண்ணு, அடிச்சிட்டா மாத்த முடியாது.

ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. பழைய செஸ்ட் ஸ்ட்ராப்பு தர்றேன், பேட்டரி மட்டும் மாத்திக்கோ. வாட்ச் விலைய அம்மாகிட்ட பாதியா சொல்லு, நானும் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன்.

அக்கா